ஏ.சி.யைச் சரிசெய்தது யார்?

அத்தியாயம் 6

மரைன் ஹில் ஏற்றத்தில் மீரானின் ஜீப் மூன்றாவது முறையாக நின்றது. வழக்கமாக அது நின்றால் அதைத் திட்டுவதற்கென்றே அவனிடம் தனி வசனங்கள் உண்டு. கேட்கிறவர்களுக்கு நேரம் போவதே தெரியாது. இன்று அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"பேசும் ஓய்," என்றார் பக்கத்தில் இருந்த ஜெகநாதன். "நீர் பேசாம இருந்தா எனக்கு யோசனை ஓட மாட்டேங்கு."

"என்னத்த பேச சார்? கேஸு நம்ம வீட்டு வாசலுக்கே வந்திருச்சு. இந்தக் கழுதைக்கு மட்டும் அது தெரியல. தெனமும் பண்ற அதே மக்கரைப் பண்ணுது."

ஜெகநாதன் ஒரு காலத்தில் மெட்ராஸ் சி.ஐ.டி.யில் இருந்தவர். மேலதிகாரி ஒருவரிடம் உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக வேலையை விட்டவர். மூழ்கிப்போன மரப்படகு ஒன்றின் இன்ஷூரன்ஸ் விவகாரமாகப் போர்ட் பிளேருக்கு வந்தார். திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். மீரானுக்கு அபர்டீன் பஜாரில் டார்ச் லைட்டும் குடையும் ஒயரும் விற்கிற கடை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவன் ஜெகநாதனோடு சுற்றுவான். ஊரில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் முதலில் அறிகிறவன் மீரான்தான். இந்த ஒரு சங்கதியை மட்டும் போலீஸ்காரர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

மரக் கான்ட்ராக்டர் சொக்கலிங்கம் புதன்கிழமை பிற்பகல் தம் படுக்கையறையில் செத்துக் கிடந்தார். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. மின்சாரம் தாக்கி இறந்தார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கை பட்ட இடம் சுவரில் மாட்டியிருந்த தெர்மோஸ்டாட். அறை குளிர்ந்ததும் ஏ.சி.யை நிறுத்தி, புழுங்க ஆரம்பித்ததும் மறுபடி ஓட்டிவிடுவதுதான் அந்தச் சின்னக் கருவியின் வேலை. பழையது கெட்டுப்போய், போன கப்பல் வந்த கையோடு வேறொன்றை மாட்டிக் கொடுத்தவன் நசீருதீன். மீரானின் தங்கை லத்தீபாவின் புருஷன்.

மாட்டிய நாளிலிருந்து ஏ.சி. நிற்கவே இல்லை. பகல் இரவு பாராமல் ஓடியது. மெஷினின் முகத்தில் பனி உறைந்து, உருகி, தரையெல்லாம் தண்ணீர். சொக்கலிங்கம் இழுத்துப் போர்த்திக்கொண்டு தும்மினார். மெஷினை நிறுத்தினால் புழுக்கம், ஓட்டினால் நடுக்கம். நசீர் மூன்று தடவை வந்து பிரித்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. புதன்கிழமை காலை, வீட்டு ஆட்கள் எல்லோரும் பார்க்க, சொக்கலிங்கம் அவன் கன்னத்தில் ஓங்கி அடித்தார். அன்று பிற்பகலே அவர் பிணமானார். போலீஸுக்கு இதைவிட வசதியாக ஒன்று அமையுமா? அடி வாங்கிய ஆத்திரத்தில் கருவியில் கரண்ட் பாயும்படி செய்துவிட்டுப் போய்விட்டான் என்று முடிவு கட்டி, நசீரைக் கொண்டுபோய் லாக்கப்பில் அடைத்தார்கள்.

நசீரோ வாயே திறக்கவில்லை. செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. லத்தீபா நிறைமாத வயிற்றோடு வந்து நின்று அழுதும் தலையைத் தூக்கவில்லை. மீரான் பயந்தது அதற்குத்தான். மறுத்துப் பேசாதவனைத் தூக்குமேடைக்கு அனுப்புவதில் யாருக்கு என்ன சிரமம்?

போதாக்குறைக்கு நாளைக் காலை மெட்ராஸ் கப்பல் புறப்படுகிறது. சொக்கலிங்கத்தின் அஸ்தியைக் கரைப்பதற்காக அவருடைய அண்ணன் மகன் அதில் போகிறான். அடுத்த கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. சம்பவத்தன்று வீட்டில் இருந்தவர்களில் ஒருவன் மெயின்லேண்டுக்குப் போய்விட்டால், அதன் பிறகு யார் எதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஜீப் ஒருவழியாகக் கிளம்பியது.

சொக்கலிங்கத்தின் வீடு முழுக்கப் படாக் மரம். சுவர், தரை, கூரைச் சட்டம் எல்லாம் அவரே வெட்டி அறுத்த பலகை. வராந்தாவில் சப் இன்ஸ்பெக்டர் சண்முகம் உட்கார்ந்து, கப்பலேறப் போகும் அண்ணன் மகனிடம் கடைசியாகச் சில விவரங்கள் கேட்டுக்கொண்டிருந்தார். பாலசுப்பிரமணியம் என்று பெயர். வீட்டில் பாலு என்பார்கள். திருச்சிப் பக்கம் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன், போன கப்பலில்தான், பத்து நாளைக்கு முன்பு, வந்து இறங்கியிருந்தான். சொக்கலிங்கத்துக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தவனும் அவன்தான். மொட்டையடித்த தலை மழை வெளிச்சத்தில் பளபளத்தது.

சண்முகம் அவனை வாயாரப் புகழ்ந்தார். கதவை உடைத்ததும் ஆளாளுக்குப் பிணத்தின் மேல் விழப் போனார்களாம். இந்தப் பையன்தான் "தொடாதீங்க" என்று கத்திவிட்டு ஓடிப்போய் வராந்தாவில் இருந்த மெயின் ஸ்விட்சை அணைத்தானாம். இல்லாவிட்டால் ஒரு பாடைக்கு மூன்று பாடை போயிருக்கும் என்றார்.

ஜெகநாதன் அவனுக்கு மரியாதையாக ஒரு தலையசைப்பு கொடுத்துவிட்டு உள்ளே போனார். கூடத்து மூலையில் சொக்கலிங்கத்தின் மனைவி இந்திராணி பாயில் சுருண்டு கிடந்தாள். இந்தத் தீவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஊரில் அவளுக்கு இனி சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. பின்கட்டு வாசலில், அங்கேயே தங்கியிருக்கும் மேனேஜர் கோவிந்தராஜ் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருடைய நாற்காலியைப் பாலுவுக்குக் கொடுக்கப் போவதாகச் சொக்கலிங்கம் போன வாரம் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கோவிந்தராஜ் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. மீரானின் கண்கள் அவரை விட்டு நகரவில்லை. ஆளைப் பார்த்தாலே போதும், கேஸ் முடிந்தது என்று அவன் மனசுக்குள் முத்திரை குத்திவிட்டான்.

ஜெகநாதன் யாரையும் கேட்காமல் நேரே அடுக்களைக்குள் நுழைந்து சமையல்காரி செல்லத்தின் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போலீஸ் அவளிடம் கேட்டது இரண்டே கேள்வி. அவளிடம் சொல்வதற்கு இருந்ததோ இரண்டு மூட்டை. புதன்கிழமை மத்தியானம் அதிசயமாக ஏ.சி. தானாகவே நின்றது, கொஞ்சம் கழித்துத் தானாக ஓடியது, மறுபடி நின்றது என்றாள் அவள். அத்தனை நாள் இரைச்சலுக்குப் பிறகு வீடு அமைதியானது. நசீர் பாய் எப்படியோ சரி பண்ணிவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டாளாம்.

வாசலில் வந்து நின்ற சண்முகம் தொடையைத் தட்டினார். தாம் சொல்வதும் அதைத்தான் என்றார். காலையில் நசீர் உள்ளே ஏதோ மாற்றி வைத்திருக்கிறான்; மெஷின் சரியாக ஓடியதே அதற்கு அத்தாட்சி.

செல்லம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நசீர் பாய் அன்னிக்கு மிசினைத் தொடவே இல்லீங்க ஐயா. சாமானைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே அடி விழுந்துருச்சே. பையை எடுத்துக்கிட்டு அப்படியே படியிறங்கிட்டாரு. நான்தான் பின்னாலேயே போயி ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன். குடிக்கல."

அடி எதற்காக விழுந்தது என்று ஜெகநாதன் கேட்டார். தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கிற சுவரின் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று நசீர் கேட்டானாம். அதாவது அடுத்த அறைக்குள் போக வேண்டும் என்று. அந்த அறையில்தான் வீட்டுப் பெண்களின் பட்டும் நல்ல துணியும் இருக்கின்றன. முதல் தடவை கேட்டபோது இந்திராணி முடியாது என்று தலையாட்டினாள். மூன்றாம் தடவை கேட்டபோது சொக்கலிங்கத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கண்டவனும் உள்ளே நுழைய இது என்ன சத்திரமா என்று கேட்டுக்கொண்டே கையை ஓங்கியிருக்கிறார்.

மீரானுக்கு முகம் கறுத்தது. மச்சானின் தகப்பனார் இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு ஒயர் இழுத்தவர். ஒயர் போகலாம், ஒயர் இழுத்தவன் மகன் போகக்கூடாது. இதைச் சொல்ல வாயெடுத்தான். ஜெகநாதன் எழுந்துவிட்டதால் விழுங்கிக்கொண்டான்.

"கொன்னது யாருன்னு நாலு நாளா எல்லாரும் கேட்டாச்சு," என்றார் ஜெகநாதன். "நசீர் தொடலைன்னா, அந்த ஏ.சி.யைச் சரிபண்ணினது யாரு? அதை ஒருத்தரும் கேக்கலியே."

"கொலை பண்ண வந்தவன் ரிப்பேரும் பண்ணிட்டுப் போனானா சார்? கூலிகூட வாங்காம?" என்றான் மீரான்.

"வாங்கிட்டான்னுதான் நெனைக்கேன்."

படுக்கையறையில் மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் சண்முகம் தயங்கினார். பவர் ஹவுஸ் ஆட்கள் வந்து சோதித்ததில் தெர்மோஸ்டாட்டில் கரண்ட் கசிவு எதுவும் இல்லை என்பது அவருக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. மழைக்காலத்து ஈரத்தில் இன்று ஷாக் அடிப்பது நாளை அடிக்காது என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். கடைசியில் சரி என்றார்.

ஏ.சி. உறுமிக்கொண்டு கிளம்பியது. ஜெகநாதன் கட்டிலில் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றார். அங்கே தெர்மோஸ்டாட், பித்தளை மூடி போட்ட சின்னப் பெட்டி, நடுவில் ஒரு திருகு. அது இந்த மெஷினுக்கென்று வந்த கருவி அல்ல. இந்த மெஷினுக்கு உரியதைக் கேட்டு மூன்று கப்பல் பார்த்தாயிற்று, வரவில்லை. அதனால் ஏதோ ஆபீஸில் கழற்றிப் போட்ட, சுவரில் மாட்டுகிற வகைக் கருவி ஒன்றை நசீர் தேடிப் பிடித்துப் பலகையில் முடுக்கியிருந்தான். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது. செல்லம் தேநீர் கொண்டுவந்தாள். செத்தவர் அறையில் குடிக்க மனமில்லாமல் மீரான் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டான். அறை மெல்லக் குளிர்ந்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஓடியது. மறுபடி நின்றது.

"மெஷினுக்கு ஒரு நோயும் இல்ல," என்றார் ஜெகநாதன். "அப்ப நோய் எங்க இருக்கு? நசீர் பார்க்கணும்னு கேட்ட இடத்துல. வாரும், அந்தப் பக்கத்தைப் பார்ப்போம்."

அடுத்த அறையில் பாலு தங்கியிருந்தான். கட்டிலில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சுவர் அலமாரி. அதற்கென்று தனியாக முதுகு கிடையாது. இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற ஒற்றைப் பலகைதான் அதன் முதுகு. ஜெகநாதன் கதவைத் திறந்தார். குப்பென்று ஒரு வாடை அடித்தது.

அலமாரிக்குள் இருட்டு. மேலே ஒரு ஹோல்டர் மட்டும் ஒயரில் தொங்கியது. அதில் பல்பு இல்லை.

மீரான் தன்னையறியாமல் "யா அல்லா" என்றான். மெயின்லேண்டு ஆட்களுக்கு இது புரியாது. அந்தமானில் மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு வீடு அலமாரிக்குள் ஒரு பல்பு எரியும். பகலும் எரியும், இரவும் எரியும். அந்தச் சூடு இல்லாவிட்டால் பட்டு, தோல், படம், எதுவானாலும் பூசணம் பூத்துவிடும். அடுப்பை அணைக்க மறந்தாலும் மறப்பார்கள், அலமாரி பல்பு அணைந்திருப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டார்கள். ஹோல்டரில் பல்பு இல்லாத அலமாரியை மீரான் தன் வாழ்நாளில் ஜூலை மாதத்தில் பார்த்ததே இல்லை.

கதவுச் சத்தம் கேட்டு இந்திராணி எழுந்து வந்தாள். புருஷன் போன நாளிலிருந்து பாயை விட்டு எழாதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். மடித்து அடுக்கியிருந்த பட்டுச் சேலைகளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் சேலைகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த செல்லம் தலையில் கை வைத்தாள். கோவிந்தராஜ் உள்ளே கை விட்டு, பூசணத்துக்குப் பயந்து அங்கே வைத்திருந்த தன் தோல் ஷூவை எடுத்தார். அதுவும் பூத்திருந்தது. துக்க வீடு என்பதுகூட மறந்து வேட்டி நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜெகநாதன் அலமாரியின் முதுகுப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். பலகை சில்லென்றிருந்தது. இதற்கு நேரே அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மீரானைக் கேட்டார். மீரான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அந்தப் பக்கம் இருந்தது தெர்மோஸ்டாட்.

"ஜீப்புல பல்பு இருக்கா ஓய்?"

"டார்ச்சு, குடை, பல்பு, ஒயரு, எல்லாம் இருக்கு. ஓடற இஞ்சின்தான் இல்ல."

அவன் கொண்டுவந்த அறுபது வாட் பல்பை ஜெகநாதன் ஹோல்டரில் மாட்டிக் கதவைச் சாத்தினார். எல்லோரும் நின்றார்கள். பலகை மெல்லச் சூடேறியது. அந்தப் பக்கம் 'டக்' என்றது. ஏ.சி. ஓட ஆரம்பித்தது. நிற்கும் என்று காத்திருந்தார்கள். நிற்கவில்லை. படுக்கையறையில் சொம்புத் தண்ணீர் சில்லிட்டுப்போன பிறகும் நிற்கவில்லை.

சண்முகம் பெரிய மனசுக்காரர்தான், புரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அறை எவ்வளவு குளிர்ந்தாலும் கருவிக்கு முதுகில் படுவது பல்பின் சூடு. இன்னும் புழுக்கம் தீரவில்லை என்று நினைத்து அது மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நசீர் மூன்று தடவை பிரித்தும் அகப்படாத பழுது, அவனை நுழையவிடாத அறையில் எரிந்துகொண்டிருந்தது.

"புதன்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடி யாரோ இந்த பல்பைக் கழட்டியிருக்காங்க," என்றார் ஜெகநாதன். "ஏ.சி.யைச் சரிபண்ணினது அந்தக் கைதான்."

மீரான் கோவிந்தராஜையே பார்த்தான். அலமாரியில் அவர் ஷூ இருக்கிறது. எடுக்க வைக்க எந்நேரமும் வந்து போகலாம். நாற்காலி போகிற வயிற்றெரிச்சலும் இருக்கிறது. கோவிந்தராஜோ ஷூவின் நாக்கைத் தூக்கி உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க கழட்டினேன்," என்றான் பாலு.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் பதறாமல் சொன்னான். கதவு இடுக்கில் வெளிச்சம் கண்ணில் அடித்ததாம், தூக்கமே வரவில்லையாம். வந்து படுத்த முதல் ராத்திரியே கழற்றி எங்கேயோ வைத்துவிட்டானாம். ஒரு பல்புக்கா இத்தனை பஞ்சாயத்து என்று கேட்டான்.

இவ்வளவு சாதாரணமாக ஒரு காரணம் இருக்க முடியுமா? சண்முகம் தொப்பியை மறுபடி தலையில் வைத்தார். நசீருக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது என்று மீரான் நினைத்தான்.

ஜெகநாதன் பாலுவிடம் எதுவும் கேட்கவில்லை. இந்திராணி பக்கம் திரும்பி, இது எத்தனை நாள் பூசணம் என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவள் சேலையின் மடிப்பைப் பிரித்தாள். விரலால் தடவி, முகர்ந்து பார்த்தாள். பதினெட்டு மழைக்காலம் பார்த்த மூக்கு.

"நாலு நாள் இருக்கும். மேலாக்க வெள்ளை, தட்டினா போயிரும். பத்து நாள் இருட்டுல கெடந்தா பச்சையா மாறி உள்மடிப்பு வரைக்கும் அரிச்சிருக்குமே." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தலையைத் தூக்கிப் பாலுவைப் பார்த்தாள். "மொத ராத்திரின்னியே?"

"மெஷினும் அதைத்தான் சொல்லுது," என்றார் ஜெகநாதன். "முதல் ராத்திரியே பல்பைக் கழட்டியிருந்தா அது அன்னிக்கே சரியா ஓடியிருக்கும். நசீர் அடி வாங்கியிருக்க மாட்டான். உங்க சித்தி பட்டும் பொய் சொல்லாது, ஏ.சி.யும் பொய் சொல்லாது. நீங்க ஏன் தம்பி பொய் சொன்னீங்க?"

பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

அலமாரிக்குள் தொங்கிய கம்பளிக் கோட்டு ஒன்றை ஜெகநாதன் விலக்கினார். சண்முகம் குனிந்து பார்த்தார். பலகையைத் துளைத்துக்கொண்டு மூன்று ஸ்குரூ முனைகள் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. தெர்மோஸ்டாட்டை மாட்டிய ஸ்குரூக்கள். இரண்டு முனை துருவேறியிருந்தது. ஒன்று மட்டும் கருகி, பக்கத்தில் பலகையும் தீய்ந்திருந்தது. மீரான் அவற்றைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டான். இந்த மெல்லிய பலகைக்கு அவை இரண்டு மடங்கு நீளம்.

மீதியை ஜெகநாதன் சொல்லச் சொல்லச் சண்முகம் கேட்டுக்கொண்டே நின்றார். ஹோல்டருக்கு வந்த கரண்ட் பல்புக்குப் போகாமல் அந்த முனைக்குப் போயிருக்கிறது. அதன் வழியாகப் பித்தளை மூடிக்கு. சொக்கலிங்கம் எரிச்சலில் அந்தத் திருகைத் தொடாத நாள் இல்லை, கால் வைக்கிற இடமெல்லாம் ஈரம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அன்று அவர் எழுந்து போனதும் ஒரு கொடுமைதான். அத்தனை நாள் ஓயாமல் உறுமிய மெஷின் அன்றைக்குத்தான் ஒழுங்காக நின்றது. அது செத்துப்போய்விட்டது என்று நினைத்துத் தட்டி எழுப்பப் போயிருக்கிறார். கதவை உடைத்த பரபரப்பில் மெயினை அணைத்தவன், பிணத்தைச் சுற்றி ஊர் கூடியபோது இங்கே வந்து ஒயரை எடுத்துவிட்டான். பல்பை மட்டும் திருப்பி மாட்டவில்லை.

"இந்தத் தீவுக்காரன் யாரா இருந்தாலும் அவன் கை தானா அதை மாட்டியிருக்கும்," என்றார் ஜெகநாதன். "மாட்டியிருந்தா நான் இப்ப இங்க நின்னு என்னத்தைக் கண்டுபிடிச்சிருப்பேன்? கோவிந்தராஜ் சார் கொன்னிருந்தாக்கூட ஷூவுக்காகவாவது பல்பை எரியவிட்டிருப்பாரு."

கோவிந்தராஜ் அப்போதுதான் ஷூவைக் கீழே வைத்தார்.

"அதை நிறுத்துங்க," என்றான் பாலு. மெஷினைச் சொன்னான். ஒருவரும் அசையவில்லை. "நிறுத்துங்க, சொல்றேன்."

சண்முகம் போய் நிறுத்திவிட்டு வந்தார். பாலு அழவில்லை. அப்பாவின் நிலத்தை விற்றுத்தான் சித்தப்பா முதல் காட்டைக் குத்தகை எடுத்தார் என்றான். நாலு வருஷத்தில் பங்கு தருகிறேன் என்ற வாக்கை நம்பி அப்பா காத்திருந்து, வைத்தியத்துக்கு வழியில்லாமல் போன தையில் செத்துப்போனார். இவன் வந்து கேட்டதற்கு, உன் அப்பனுக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை, மேனேஜர் வேலை போட்டுத் தருகிறேன், விசுவாசமாக இரு என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பை அவன் இரண்டு தடவை சொன்னான். கேட்கும்போது மீரானுக்கே ஒரு நிமிஷம் மனசு அவன் பக்கம் சாய்ந்தது. அடுத்த நிமிஷம் ஸ்டேஷன் வாசலில் நின்ற லத்தீபாவின் முகம் நினைவுக்கு வந்து, அந்த இரக்கம் அறுந்துபோனது. தன் நியாயத்துக்காக இவன் இன்னொருவனைத் தூக்கில் போட்டுவிட்டு நாளைக்குக் கப்பலேற இருந்தான்.

"வேற யாரும் மாட்டிக்குவாங்கன்னு நான் நெனைக்கல," என்றான் பாலு, மீரானைப் பார்க்காமல். "ஈரத்துல ஷாக் அடிச்சிருச்சுன்னு விட்டுருவாங்கன்னு நெனைச்சேன்."

"புடிச்சுட்டுப் போன அன்னிக்கே உனக்குத் தெரியுமேப்பா," என்றான் மீரான்.

இந்திராணி சேலைகளைக் கட்டிலில் வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று செல்லம் பயந்து நெருங்கினாள். அவள் அவன் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையாலதானேடா கொள்ளி வச்ச?" என்றாள். "பெத்த புள்ளை மாதிரி தோள்ல கொடம் ஒடச்சியே. நான் உன்னைக் கும்பிட்டேனே."

அவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்வரை அவள் அங்கேயே நின்றாள். அஸ்திக் கலசம் வராந்தா ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இனி அதை யார் எடுத்துப்போவார்கள் என்று கேட்கிற தைரியம் ஒருவருக்கும் வரவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் மீரானுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. மச்சானுக்கு பிரியாணி ஆக்கிப் போட வேண்டும், சண்முகம் சாருக்கு ஒரு அலமாரி பல்பு இனாம் தர வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனான். ஜெகநாதன் சிரிக்கவில்லை. அந்தி மழையில் லத்தீபா ஸ்டேஷன் படியில் நின்றிருந்தாள். சேதி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அழுது முடித்த முகம் தெளிந்திருந்தது.

நசீரைக் கொண்டுவந்தார்கள். நாலு நாள் தாடி, கசங்கிய சட்டை. மீரான் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். பல்பு, பலகை, பட்டுச் சேலை, பாலு. பாலுவின் பெயர் வந்தபோதுகூட நசீரின் முகம் மாறவில்லை. பல்பு என்றபோது மட்டும் கண்ணை மூடித் திறந்தான்.

"அவன் கரண்டை எது வழியா குடுத்தான் மச்சான்?" என்று கேட்டான். நாலு நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மீரான் ஜெகநாதனைப் பார்த்தான். யாரிடமும் எதையும் மறைக்காத மனிதர், மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது என்னமோ ஒயர் வழியா. உன் வேலையில ஒரு தப்பும் இல்ல," என்றான் மீரான்.

"ஸ்குரூ அந்தப் பக்கம் வந்திருக்கும்," என்றான் நசீர். "சின்னது கெடைக்கல. நீளமானதை வச்சு முடுக்கிட்டேன். அந்தப் பக்கம் என்ன இருக்கோன்னு அன்னிலேர்ந்து மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்குத்தான் பாக்கணும்னு மூணு தடவை கேட்டேன். விடலன்னா நான் அதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கணும். அடி வாங்கின ரோஷத்துல, கெடந்து சாவட்டும்னு அப்படியே விட்டுட்டு வந்துட்டேன் மச்சான். அப்படித்தான் நெனைச்சேன், கெடந்து சாவட்டும்னு. சாயங்காலம் போலீஸ் வந்து நிக்கிது. நான் எப்படி இல்லைன்னு சொல்வேன்?"

சண்முகம் உள்ளே ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பிப் போய்விட்டார். மீரானுக்கு ஆயிரம் சமாதானம் தெரியும். ஒன்றைக்கூட நாக்குக்குக் கொண்டுவர முடியவில்லை.

லத்தீபா படியேறி வந்தாள். புருஷன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள். அவன் வந்தான். ஆனால் வழியில் ஒரு தடவை நின்று, வீட்டில் தன் கருவிப் பை எங்கே இருக்கிறது என்று கேட்டான். கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்றாள் அவள். நாளைக்கு அதை யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு நசீர் மழையில் நடந்தான்.